மூட்டு வலிக்கு எந்த மாத்திரை? வலி மருந்துகளை ஆளைப் பார்த்து ஒப்பிடுவோம்

மருந்துக் கடைக் கவுன்ட்டரில் நிற்பவனிடம் வரும் கேள்விகளில் பாதி வலியைப் பற்றியவைதான். "மூட்டு வலிக்கு நல்ல பவரா ஒண்ணு குடு தம்பி", "போன தடவை குடுத்தது கேக்கல, அதுக்கு மேல என்ன இருக்கு?" என்று கேட்பார்கள். பவர் கூடக் கூட வலி குறையும் என்ற கணக்கு எல்லோர் மனதிலும் இருக்கிறது. வலி மருந்துகளை அந்தக் கணக்கில் வரிசைப்படுத்த முடியாது. ஒன்றை ஈரலைப் பார்த்துக் கொடுக்க வேண்டும், இன்னொன்றைச் சிறுநீரகத்தைப் பார்த்து, மற்றொன்றை மூளையையும் மூச்சையும் பார்த்து. யாருக்கு, எதனால் வந்த வலிக்கு, எத்தனை நாளைக்கு, கூடவே என்னென்ன மாத்திரை ஓடுகிறது என்ற நாலும் தெரியாமல் எது நல்ல மாத்திரை என்று யாராலும் சொல்ல முடியாது.

ஒப்பிட ஓர் ஆள் வேண்டும். 68 வயது அம்மா ஒருவரை எடுத்துக்கொள்கிறேன். மாதா மாதம் கடைக்கு வரும் பலருடைய சீட்டு இப்படித்தான் இருக்கும்: பிரஷருக்கு டெல்மிசார்டனும் ஹைட்ரோகுளோரோதயாசைடும் சேர்ந்த மாத்திரை, சுகருக்கு மெட்ஃபார்மின், இதயத்துக்கு ஆஸ்பிரின் 75. இரண்டு முழங்காலிலும் தேய்மானம் என்று எக்ஸ்ரே பார்த்து டாக்டர் சொல்லிவிட்டார். மாடிப்படி இறங்கினால் உயிர் போகிற வலி. இவருக்கு என்னென்ன வழிகள் உண்டு, எதற்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்று பார்க்கலாம். முடிவெடுக்க வேண்டியவர் டாக்டர்தான். ஆனால் அவரிடம் எதைச் சொல்ல வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்று வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிந்திருந்தால் அந்த முடிவு நன்றாக அமையும்.

எல்லோரும் அலட்சியமாகப் பார்க்கும் வழியில் இருந்தே தொடங்குகிறேன்: மேலே தடவும் டைக்ளோஃபெனாக் ஜெல். "ஆயின்மென்ட் எல்லாம் சும்மா சார், மாத்திரை எழுதச் சொல்லுங்க" என்பவர்கள் அதிகம். முழங்காலும் கை விரல் மூட்டும் தோலுக்குப் பக்கத்திலேயே இருப்பவை. அங்கே தடவும் ஜெல் உள்ளே இறங்கி வேலை செய்கிறது. ஆனால் ரத்தத்தில் கலக்கும் அளவு, அதே மருந்தை மாத்திரையாக விழுங்கினால் கலப்பதில் சுமார் 6 சதவீதம்தான். வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் போய்ச் சேரும் சுமை அவ்வளவு குறைவு. எந்த நோய்க்கு எந்தச் சிகிச்சை என்று வகுத்துச் சொல்லும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் முழங்கால் தேய்மானத்துக்கு முதலில் தடவும் மருந்தைத்தான் சொல்கிறது. இடுப்பு மூட்டு ஆழத்தில் இருப்பதால் அங்கே இது எடுபடாது.

பலன் தெரியாமல் போவதற்குப் பெரும்பாலும் பயன்படுத்தும் விதம்தான் காரணம். பட்டாணி அளவு எடுத்து ஒரு தடவை தேய்த்துவிட்டு, மறுநாள் காலை வலி இருக்கிறதே என்றால் எப்படி? டாக்டர் சொன்ன அளவில், ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை, இரண்டு வாரமாவது தொடர்ந்து தடவிப் பார்க்க வேண்டும். தடவிய இடத்தில் வெந்நீர்ப் பை வைக்கக் கூடாது, துணி இறுக்கிக் கட்டக் கூடாது, புண் மேல் படக் கூடாது. கையைக் கழுவிவிட்டுத்தான் கண்ணைத் தொட வேண்டும். நம் 68 வயது அம்மாவுக்கு நான் முதல் இடம் கொடுப்பது இதற்குத்தான்.

அடுத்தது பாராசிட்டமால். நம் ஊரில் அதற்குப் பெயர் காய்ச்சல் மாத்திரை. டோலோ, கால்பால், குரோசின் என்று எந்தப் பெயரில் வாங்கினாலும் உள்ளே இருப்பது இதுதான். இலங்கையில் பனடோல் என்று கேட்பார்கள். நேர்மையாகச் சொன்னால், தேய்மான வலிக்கு இதன் பலன் சுமார்தான். நான் மேலே சொன்ன அதே நைஸ் வழிகாட்டுதல், மூட்டுத் தேய்மானத்துக்கு இதை வழக்கமாக எழுதித்தர வேண்டாம் என்கிறது. இருந்தாலும் வயிற்றில் புண் உள்ளவர், சிறுநீரகம் பலவீனமானவர், இதய நோயாளி, கர்ப்பிணி என்று மற்ற மாத்திரைகள் ஆகாத பலருக்கு டாக்டர்கள் நம்பிக் கொடுப்பது இதைத்தான். டெங்கு சீசனில் காய்ச்சலோடு உடம்பு வலி வந்தால் பாராசிட்டமாலைத் தவிர வேறு வலி மாத்திரையைத் தொடவே கூடாது. மற்றவை ரத்தக் கசிவை அதிகமாக்கும்.

இதன் ஆபத்து அளவில் இருக்கிறது. நல்ல உடல்நிலையில் உள்ள பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராம் உச்ச வரம்பு. 650 மி.கி. மாத்திரை என்றால் ஆறு. வயதானவர், 50 கிலோவுக்குக் கீழே எடை உள்ளவர், தினமும் குடிப்பவர், ஈரல் கோளாறு உள்ளவர் என்றால் டாக்டர்கள் 2 அல்லது 3 கிராமோடு நிறுத்துவார்கள். "ஆறு மாத்திரை யார் போடப் போறா?" என்று தோன்றும். ஒரே நபரின் கையில் சேரக்கூடிய மருந்துகளைக் கூட்டிப் பாருங்கள். எலும்பு டாக்டர் கொடுத்த அசிக்ளோஃபெனாக் மாத்திரையில் 325 மி.கி. பாராசிட்டமால் இருக்கிறது, காலையும் இரவும் சேர்ந்து 650. இன்னொரு டாக்டர் கொடுத்த டிரமடால் கூட்டு மாத்திரையிலும் 325 இருக்கிறது, மூன்று வேளைக்கு 975. காய்ச்சலுக்கு வீட்டில் இருந்த 650, மூன்று வேளைக்கு 1950. சளிக்கு வாங்கிய மாத்திரையில் 500, மூன்று வேளைக்கு 1500. மொத்தம் 5075 மி.கி. அவர் பாராசிட்டமால் என்று நினைத்து விழுங்கியது மூன்றே மாத்திரைதான்.

ஈரல் பாராசிட்டமாலை உடைக்கும்போது ஒரு சிறு பங்கு நச்சுப்பொருளாக மாறும். அதை அடக்குவதற்கு ஈரலில் குளூட்டாத்தயோன் என்ற பொருள் இருப்பில் இருக்கிறது. அளவு மீறும்போது அந்த இருப்பு தீர்ந்து, நச்சு ஈரல் செல்களையே தாக்கும். மோசம் என்னவென்றால், முதல் நாள் கொஞ்சம் குமட்டல், வாந்தி, அப்புறம் சரியாகிவிட்டது போல இருக்கும். இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் மஞ்சள் காமாலை தெரியும். என்-அசிட்டைல்சிஸ்டீன் என்ற நச்சு முறிவு மருந்து இருக்கிறது, எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் நன்றாகக் காப்பாற்றும். ஆகவே அளவு மீறியது தெரிந்தவுடன், உடம்பில் எந்தக் கோளாறும் தெரியாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

இனி, நம் மக்கள் உண்மையில் "வலி மாத்திரை" என்று கேட்டு வாங்குபவை: டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், இபுபுரூஃபன், நாப்ராக்ஸன். இவை வலியோடு வீக்கத்தையும் குறைப்பவை. பிடிப்பு, சுளுக்கு, மூட்டில் திடீரென்று ஏறும் வீக்கம், பல் வலி இவற்றுக்கெல்லாம் பாராசிட்டமாலைவிட நன்றாகக் கேட்கும், அதில் சந்தேகமே இல்லை. 30 வயதில், வேறு நோய் எதுவும் இல்லாதவருக்கு முதுகு பிடித்துக்கொண்டால், சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று நான்கு நாள் போட்டு நிறுத்துவதில் பெரிய பயம் கிடையாது. சிக்கல் மாதக் கணக்கில் போடும்போதும், வயதானவர்களுக்குப் போடும்போதும் வருகிறது.

வலியை உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளை இந்த மாத்திரைகள் தடுக்கின்றன. அதே பொருள்தான் இரைப்பையின் உள்சுவரை அமிலத்திலிருந்து காக்கிறது, சிறுநீரகத்துக்கு ரத்தம் வரும் குழாயைத் திறந்து வைக்கிறது. முழங்காலில் மட்டும் தடுத்துவிட்டு மற்ற இடங்களில் விட்டுவிடு என்று மாத்திரையிடம் சொல்ல முடியாது. அதனால்தான் வயிற்றுப் புண், ரத்த வாந்தி, கறுப்பாக மலம் போவது எல்லாம். "கேஸ் மாத்திரை சேர்த்துப் போட்டுக்கிறேன், ஒண்ணும் ஆகாது" என்கிற தைரியம் பலரிடம் இருக்கிறது. பான்டோபிரசோல் வயிற்றைக் காக்கும், சாப்பாட்டுக்கு முன்னால் போட்டால் நன்றாகவே காக்கும். சிறுநீரகத்துக்கும் இதயத்துக்கும் அதனால் ஒரு பாதுகாப்பும் இல்லை.

இப்போது நம் அம்மாவின் சீட்டுக்கு வருவோம். டெல்மிசார்டன், சிறுநீரக வடிகட்டியிலிருந்து ரத்தம் வெளியேறும் குழாயைத் தளர்த்துகிறது. ஹைட்ரோகுளோரோதயாசைடு நீர் மாத்திரை, உடம்பில் உள்ள நீரைக் குறைக்கிறது. இதன் மேல் டைக்ளோஃபெனாக் போனால், வடிகட்டிக்குள் ரத்தம் வரும் குழாயும் சுருங்குகிறது. உள்ளே வருவது குறைவு, வெளியே போவது தாராளம், மொத்த நீரும் குறைவு. வடிகட்டுவதற்கு வேண்டிய அழுத்தமே இருக்காது. ஒவ்வொரு மாத்திரையையும் தனியாகப் பார்த்தால் சரியாகத்தான் எழுதியிருப்பார்கள், ஒன்று இதய டாக்டர், ஒன்று எலும்பு டாக்டர். மூன்றும் ஒரே உடம்பில் சேர்வதைப் பார்க்க ஆள் இல்லாமல் போகிறது. இதோடு இரண்டு நாள் வயிற்றுப்போக்கோ, மே மாத வெயிலில் தண்ணீர் குடிக்காமல் கிடப்பதோ சேர்ந்தால், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை அளவான கிரியாட்டினின் சட்டென்று ஏறிவிடும். சிறுநீரகம் படுத்தால் மெட்ஃபார்மினும் வெளியேறாமல் உடம்பிலேயே தங்கும். ஆஸ்பிரினும் இவற்றோடு சேர்ந்தால் ரத்தக் கசிவு ஆபத்து கூடும். இபுபுரூஃபனைத் தொடர்ந்து போட்டால், இதயத்துக்காகப் போடும் ஆஸ்பிரினின் வேலையையே அது கெடுத்துவிடவும் கூடும்.

சிறுநீரகத்தின் மேல் இந்த மருந்துகளுக்கு உள்ள பிடி எப்படிப்பட்டது என்பதை இந்தியா வேறொரு இடத்தில் பார்த்துவிட்டது. மாடுகளுக்கு வலி மருந்தாகப் போட்ட டைக்ளோஃபெனாக், செத்த மாட்டைத் தின்ற பாறுக் கழுகுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைத்து அந்த இனத்தையே கிட்டத்தட்ட அழித்தது. 2006இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள், 2023இல் அசிக்ளோஃபெனாக்கும் கீட்டோபுரோஃபனும் தடைப் பட்டியலில் சேர்ந்தன. முதுமலை, மாயாறு பக்கம் எஞ்சியிருக்கும் பாறுகளைக் காப்பாற்ற இன்றும் பாடுபடுகிறார்கள். மனிதச் சிறுநீரகம் பாறுவினுடையதைப் போல அவ்வளவு சீக்கிரம் கெடாது, நமக்கு இந்த மருந்து தடையும் இல்லை. ஆனால் எந்த உறுப்பைக் கவனிக்க வேண்டும் என்பதை மறக்கவே கூடாது.

எனவே இந்த வகை மாத்திரையை அம்மாவுக்கு டாக்டர் எழுதினால் மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை நாளைக்கு? கிரியாட்டினின் பார்க்க வேண்டுமா? பிரஷர் மாத்திரை இது ஓடுகிறதே, பரவாயில்லையா? கேட்டதற்காக எந்த நல்ல டாக்டரும் கோபித்துக்கொள்ள மாட்டார். இந்த வகை மாத்திரைகளில் இரண்டை ஒரே சமயத்தில் போடவே கூடாது. காலையில் டைக்ளோஃபெனாக், மதியம் இபுபுரூஃபன் என்று மாற்றி மாற்றிப் போடுவதால் வலி இரட்டிப்பாகக் குறைவதில்லை, பக்கவிளைவுதான் கூடும். கர்ப்பிணிகள் 20 வாரத்துக்குப் பிறகு இவற்றைத் தவிர்க்க வேண்டும்.

"வயித்துக்கு ஒண்ணும் பண்ணாத வலி மாத்திரை" என்ற பெயர் எட்டோரிகாக்ஸிபுக்கு உண்டு. வயிற்றைப் பொறுத்தவரை அது ஓரளவு உண்மைதான். ஆனால் பிரஷரை ஏற்றும், காலில் நீர் சேர்க்கும், சிறுநீரகத்தில் மற்றவை செய்வதையே இதுவும் செய்யும். பிரஷர் 140/90க்கு மேலேயே நிற்பவர்களுக்கு இதைத் தொடங்கக் கூடாது என்பது ஐரோப்பிய விதி. இதே குடும்பத்தைச் சேர்ந்த ரோஃபெகாக்ஸிப், மாரடைப்பையும் பக்கவாதத்தையும் அதிகமாக்கியது தெரிந்து 2004இல் உலகம் முழுக்கத் திரும்பப் பெறப்பட்டது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர், ஒரு தடவை மாரடைப்பு வந்தவர் எட்டோரிகாக்ஸிபையும் டைக்ளோஃபெனாக்கையும் தவிர்ப்பது நல்லது. அப்படிப்பட்டவருக்கு வேறு வழியே இல்லை என்றால் நாப்ராக்ஸன் இதயத்துக்கு இருப்பதில் ஆபத்து குறைந்ததாகக் கருதப்படுகிறது. வயிற்றுக்கு அது சிரமம்தான், கேஸ் மாத்திரை கூடவே வேண்டும்.

அட்டையின் பின்புறத்தைப் படிக்கும் பழக்கம் வேண்டும் என்று நான் கெஞ்சாத குறையாகச் சொல்லிக்கொண்டிருப்பேன். மூட்டு வலிக்கு வாங்கும் ஓர் அட்டையைத் திருப்பினால் சிறிய எழுத்தில் மூன்று பெயர் இருக்கும்: அசிக்ளோஃபெனாக் 100 மி.கி., பாராசிட்டமால் 325 மி.கி., செரேஷியோபெப்டிடேஸ் 15 மி.கி. மூன்றாவது பெயர் வீக்கத்துக்கு என்று சொல்லிச் சேர்ப்பது. ஜப்பானில் அதை விற்றுவந்த நிறுவனம், ஆய்வில் வெற்று மாத்திரைக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று 2011இல் தானே சந்தையிலிருந்து எடுத்துவிட்டது. நம் கடைகளில் இன்றும் ஓடுகிறது. 2024 ஆகஸ்டில் மத்திய அரசு 156 கூட்டு மருந்துகளைத் தடை செய்தபோது அந்தப் பட்டியலில் வலி மருந்துக் கூட்டுகளும் இருந்தன. ஒரே மருந்து உள்ள மாத்திரையைக் கேட்டு வாங்குவது என்னைப் பொறுத்தவரை எப்போதும் மேல். எது கேட்டது, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று அப்போதுதான் தெரியும்.

ஊசியைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. இடுப்பில் போடும் டைக்ளோஃபெனாக் ஊசி மாத்திரையின் அதே மருந்துதான், இரண்டு நாளுக்கு மேல் போடுவதற்கானதும் அல்ல. தேய்மான வலிக்கு வாராவாரம் ஊசி போட்டுக்கொள்பவர்கள், மாத்திரையின் எல்லா ஆபத்தோடும் சீழ்க்கட்டி, நரம்பில் குத்திக் கால் மரத்துப்போவது என்ற புது ஆபத்துகளையும் விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

இதைவிட எனக்குப் பயம் தருவது, பேப்பர் கவரில் மடித்துத் தரும் "செட் மாத்திரை". அட்டையிலிருந்து பிரித்து, வெள்ளை ஒன்று, மஞ்சள் ஒன்று, குட்டியாக ஒன்று. அந்தக் குட்டி மாத்திரை பல நேரம் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டாக இருக்கும். மறுநாளே வலி பறந்துவிடும், பசி எடுக்கும், உடம்பு தெம்பாகத் தெரியும், அதனால் மறுபடி அதையே கேட்டு வருவார்கள். மாதங்கள் போனால் முகம் உப்பும், சுகர் ஏறும், எலும்பு உளுத்துப்போகும். திடீரென்று நிறுத்தினால் மயங்கி விழவும் நேரும். பெயர் தெரியாத பொடி, லேகியம் போட்ட இரண்டே நாளில் பத்து வருட மூட்டு வலி போய்விட்டது என்றால் அதிலும் இதே சந்தேகம் வர வேண்டும். பெயர் தெரியாத மாத்திரையை வாங்காதீர்கள். அட்டையோடு கொடுங்கள் என்று கேட்பது உங்கள் உரிமை.

வலி மாத்திரை கேட்கவில்லை என்றால் அடுத்தது டிரமடால் என்று பலர் நினைக்கிறார்கள். இது வேறு வகை. மூட்டில் ஒன்றும் செய்யாது, மூளை வலியை உணரும் விதத்தை மாற்றும். மார்ஃபினின் தூரத்து உறவு. அறுவை சிகிச்சைக்குப் பிறகு, எலும்பு முறிந்த பிறகு சில நாளுக்கு இது நல்ல உதவி. வயிறும் சிறுநீரகமும் வலி மாத்திரையைத் தாங்காத ஒருவருக்குக் கொஞ்ச நாள் கைகொடுக்கவும் செய்யும். ஆனால் வருடக்கணக்கில் இருக்கும் தேய்மான வலிக்கு இது நல்ல துணை இல்லை. வாந்தி, மலச்சிக்கல், தலைசுற்றல் வரும். 68 வயதில் இரவு ஒரு மணிக்கு பாத்ரூம் போக எழுந்து, தலை சுற்றி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால், முழங்கால் வலி சின்ன விஷயமாகிவிடும். வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு ஆகாது. எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மாத்திரை எடுப்பவர்கள் அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இரண்டும் சேர்ந்தால் நடுக்கம், காய்ச்சல், படபடப்பு, குழப்பம் என்று நிலைமை விபரீதமாகப் போகலாம். 12 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கொடுக்கவே கூடாது, பாலூட்டும் தாய்மாரும் தவிர்க்க வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது: டிரமடாலோடு தூக்க மாத்திரையும் குடியும் சேரக் கூடாது. ஆல்பிரசோலமோ குளோனாசெபமோ மதுவோ, இவை ஒவ்வொன்றும் மூச்சை மெதுவாக்கும். சேர்ந்தால் தூக்கத்திலேயே மூச்சு நின்றுபோகலாம். பெரிய குறட்டையோடு எழுப்பினாலும் எழாமல், உதடு நீலம் பாய்ந்து கிடந்தால் "அசந்து தூங்குறார்" என்று விட்டுவிடாதீர்கள், 108க்குக் கூப்பிடுங்கள். சில வாரம் தொடர்ந்து போட்டபின் சட்டென்று நிறுத்தினால் உடம்பு முறிவது போல வலி, வியர்வை, தூக்கமின்மை வரும். அதற்காக அவரைப் போதை அடிமை என்று வீட்டில் பேசுவது பெரிய அநியாயம். உடம்பு அந்த மருந்துக்குப் பழகியிருக்கிறது, அவ்வளவுதான். டாக்டர் சொல்படி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் சரியாகிவிடும்.

டிரமடால் அட்டையில் சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை அச்சிட்டிருக்கும். அது எச்-1 பட்டியல் மருந்து. வாங்குபவர் பெயர், டாக்டர் பெயர், அளவு எல்லாவற்றையும் கடையில் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். 2018இல் போதைப் பொருள் சட்டத்துக்குள்ளும் அதைக் கொண்டுவந்தார்கள். டிரமடால் போன்ற இன்னொரு வலி மருந்தான டேபென்டடால் மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பையன்களைப் பற்றித் தமிழ்நாட்டு நாளிதழ்களில் அடிக்கடி செய்தி வருகிறது. வாயால் விழுங்குவதற்குச் செய்த மாத்திரையின் மாவு ரத்தக் குழாயை அடைத்துக் கை கால் அழுகிப்போன பிள்ளைகள் உண்டு. "போன மாசச் சீட்டுதானே தம்பி, குடுத்துரு" என்று கேட்கும் பெரியவரிடம் நாங்கள் மறுப்பது அவர்மேல் சந்தேகப்பட்டு அல்ல. அவர் வீட்டு அலமாரியில் மிச்சம் கிடக்கும் அட்டை யார் கைக்குப் போகும் என்று அவருக்கே தெரியாது.

பாதம் எரிகிறது, ஊசி குத்துவது போல இருக்கிறது, போர்வை பட்டாலே பொறுக்கவில்லை என்றால் அது மூட்டு வலி கிடையாது. சுகர் பல வருடம் இருந்து நரம்பைக் கெடுத்திருக்கலாம், அக்கி வந்து போன இடத்தில் நரம்பு தொந்தரவு செய்யலாம். இதற்கு டைக்ளோஃபெனாக் எத்தனை போட்டாலும் கேட்காது, சிறுநீரகம் கெடுவதுதான் மிச்சம். பிரீகாபலின், டுலாக்ஸெடின், சின்ன அளவில் அமிட்ரிப்டிலின் இவற்றில் ஒன்றை டாக்டர் தருவார். மெதுவாகத்தான் பலன் தெரியும், இரண்டு மூன்று வாரம் பொறுக்க வேண்டும். பிரீகாபலினில் தூக்கக் கலக்கமும் கால் வீக்கமும் வரலாம், சிறுநீரகம் பலவீனமென்றால் அளவைக் குறைக்க வேண்டும். அமிட்ரிப்டிலின் புராஸ்டேட் வீக்கம் உள்ள ஆண்களுக்குச் சிறுநீரை அடைத்துவிடும். பழகும்வரை வண்டி ஓட்ட வேண்டாம்.

புற்றுநோயின் கடுமையான வலிக்கு மேலே சொன்ன தயக்கம் எதுவும் பொருந்தாது. அங்கே மார்ஃபின்தான் மருந்து, அதைத் தள்ளிப்போடுவது கொடுமை. "மார்ஃபின் ஆரம்பிச்சிட்டா முடிஞ்சுது" என்று வீட்டார் பயந்து, நோயாளியை இரவெல்லாம் கத்தவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பதைப் போல மனதை உலுக்குவது வேறு இல்லை. சரியான அளவில் தொடங்கி, வலி வரும்வரை காத்திராமல் மணி தவறாமல் கொடுத்து, தேவைப்படி டாக்டர் ஏற்றினால் நோயாளி எழுந்து உட்கார்ந்து பேசுவார், சாப்பிடுவார். மலச்சிக்கல் கட்டாயம் வரும், அதனால் முதல் நாளிலிருந்தே மலமிளக்கியும் கேட்டு வாங்குங்கள். 1985இன் போதைப் பொருள் சட்டம் மார்ஃபினை ஆஸ்பத்திரிகளிலிருந்தே விரட்டிவிட்டிருந்தது. திருவனந்தபுரத்தின் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்கள் பல வருடம் போராடி, 2014இல் சட்டத்தைத் திருத்த வைத்தார்கள். தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் குழுவில் வலி தணிப்புச் செவிலியரும் பிசியோதெரபிஸ்டும் இருக்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் ஏற்பாடு செய்வார்கள்.

எந்த மருந்தை எடுத்தாலும் சில அறிகுறிகளுக்குக் காத்திருக்கக் கூடாது. மலம் தார் போலக் கறுப்பாகப் போனாலும், சிறுநீர் திடீரென்று குறைந்தாலும், முகமோ காலோ வீங்கினாலும், மூச்சு வாங்கினாலும், கண் மஞ்சளித்தாலும் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் அன்றே டாக்டரிடம் போங்கள். போகும்போது எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், சித்த மருந்து, நாட்டு மருந்து உட்பட. "வெள்ளை மாத்திரை, ரவுண்டா இருக்கும்" என்று சொன்னால் யாருக்கும் ஒன்றும் புரியாது.

நம் 68 வயது அம்மாவுக்கு நான் டாக்டரிடம் கேட்கச் சொல்லும் வரிசை இதுதான். ஜெல் இரண்டு வாரம் ஒழுங்காக. கூடவே பிசியோதெரபிஸ்ட் கற்றுக்கொடுக்கும் தொடைத் தசைப் பயிற்சி, நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிப் பிடிப்பதுதான், வீட்டிலேயே டிவி பார்த்துக்கொண்டே செய்யலாம். எடை ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் விழும் சுமை சுமார் நாலு கிலோ குறைவதாக ஆய்வில் கண்டிருக்கிறார்கள், அதை எந்த மாத்திரையும் செய்யாது. கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ போகிற நாளில் கிளம்பும் முன் ஒரு பாராசிட்டமால். வீக்கம் ஏறி நடக்கவே முடியாத வாரத்தில் மட்டும், கிரியாட்டினின் பார்த்துவிட்டு, கேஸ் மாத்திரையோடு சில நாள் வலி மாத்திரை. அந்த நாட்களில் பிரஷரையும் வீட்டில் பார்த்துக் குறித்துவைக்க வேண்டும். டிரமடால் கடைசியில், கொஞ்ச நாளைக்கு. இத்தனைக்கும் பிறகும் இரவில் தூங்க முடியவில்லை, வீட்டுக்குள் நடக்கவே முடியவில்லை என்றால் மாத்திரையை ஏற்றிக்கொண்டே போகாமல் மூட்டு மாற்று அறுவை பற்றி எலும்பு டாக்டரிடம் பேசலாம். பெரிய அரசு மருத்துவமனைகளிலும் அதைச் செய்கிறார்கள்.